வாத்து மார்க் பொன்னுதுரை

மலாய் நாட்டில், காஜா பெராங் தெருவில் இரண்டு பொன்னுதுரைகள் இருந்தார்கள். ஒருவர் மாட்டு வண்டிக்காரர். அவரை யாருக்கும் அடையாளம் சொல்லத் தேவையில்லை, வண்டி வருவதற்கு முன்பே மாட்டு வாசனை வந்துவிடும். இன்னொருவனை 'வாத்து மார்க்' என்று சொன்னால்தான் தெரியும். அந்தப் பட்டம் அவன் சாகும்வரை கூட வந்தது. அதற்காக அவன் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, வருத்தப்பட்டவர்கள் எல்லாம் அடுத்தவர்கள்தான். இது அந்த இரண்டாவது பொன்னுதுரையின் கதை.

பண்டார் ஹிலிரில் வெள்ளைக்காரத் துரைமார்கள் கூடிக் குடிக்கும் கிளப் ஒன்று இருந்தது. பொன்னுதுரை அங்கே மேசைக்கு விஸ்கி கொண்டுபோய் வைக்கிறவன். வயது முப்பத்திரண்டு ஆகியும் துரைமார்களுக்கு அவன் 'பையன்'தான். குடித்த கணக்குக்குச் சீட்டில் கையெழுத்துப் போடத் துரை கையை நீட்டும்போது, சட்டைக் கை மேலே ஏறி, மணிக்கட்டு அவன் மூக்குக்கு நேராக வரும். ஹட்சன் துரையின் மணிக்கட்டில் இருந்தது அன்னம் மார்க் கைக்கடிகாரம். டின் பாலைத் தடவினாற்போல் வெளிர் முகம், நீல முட்கள், பன்னிரண்டுக்குக் கீழே நகக்கண் அளவுக்கு ஒரு தங்க அன்னம். எட்டு வருஷம் அந்தக் கையெழுத்துகளைப் பார்த்து நின்றான். துரையின் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவனுக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது. கடிகாரத்தைக் கேட்டால் ஒவ்வொரு எண்ணின் வளைவையும் கரித்துண்டால் சுவரில் வரைந்து காட்டுவான்.

அன்னம் மார்க்கின் விலை நானூறு வெள்ளி. அவன் மாதச் சம்பளம் தொண்ணூற்றைந்து. இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

தெங்கேராவில் கப்பல்காரன் ஒருவன் முப்பது வெள்ளிக்கு 'அன்னம் மார்க்கே' விற்கிறான் என்று யாரோ சொல்ல, பொன்னுதுரை போய்ப் பார்த்தான். அன்னம் என்று எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அந்த அன்னம், பல் பிடுங்கிக்கொண்டு வந்ததுபோல் வாய் கோணி இருந்தது. அவன் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தான்.

"பொய்யைக் கையில கட்டிக்கிட்டு எப்படிய்யா நேரம் பாக்கிறது?" என்று கோப்பிக்கடையில் கேட்டான். பைத்தியம் என்று சிரித்தார்கள்.

இந்தப் பைத்தியத்துக்கு மருந்து தெருமுனையிலேயே இருந்தது. ஷரீஃபுதீன் பாய் கடையில் குடை, டார்ச்லைட், அத்தர், அலாரம், எலிப்பொறி எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் சமத்துவமாக இருக்கும். ஒருநாள் பாய் அவனை உள்ளே கூப்பிட்டு, பஞ்சுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். அதே பால் முகம். அதே நீல முட்கள். அதே வளைவு எண்கள். பன்னிரண்டுக்குக் கீழே மட்டும், கழுத்து குட்டையாக ஒரு வாத்து. அதன் கீழே பொடி எழுத்தில் அதன் சொந்தப் பெயர்.

"இதுவும் சுவிஸ்காரன் செஞ்சதுதான் தம்பி. அது பணக்கார சுவிஸ்காரன், இது ஏழை சுவிஸ்காரன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் பாய். "நாப்பத்திரண்டு வெள்ளி."

பொன்னுதுரை கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எலிப்பொறி வாங்க வந்தவர்கள் முன்னால் அழுதுவிடக் கூடாதே என்று அத்தர் பாட்டிலை மோந்து சமாளித்தான்.

அன்று முதல் காலை ஆறு மணிக்கு இருபத்திரண்டு திருகு, எண்ணித்தான் சாவி கொடுப்பான். கண்ணாடியில் கீறல் விழுந்தால் பல்பசையைத் துணியில் தொட்டுத் தேய்ப்பான். பல்லுக்கு உமிக்கரி போதும், பல்பசை கடிகாரத்துக்கு. வேலைக்குப் போகும் வழியில் ஆற்றங்கரை மணிக்கூண்டுக்கு நேராக நின்று ஒப்பிட்டுப் பார்ப்பான். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் மணிக்கூண்டைத்தான் முறைப்பான். யாராவது, "அன்னம் மார்க்கா?" என்று கேட்டால் போதும், முகம் மலர்ந்து, "இல்ல, வாத்து! கழுத்தைப் பாருங்க" என்று கையை நீட்டுவான். தெருவே கேலி பண்ணியது. "அன்ன நடை நடக்கப்போயி தன் நடையும் கெட்டுச்சாம்" என்று கோப்பிக்கடை சேதுராமன் அவன் வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்வார். பொன்னுதுரைக்கு ரோஷம் வந்ததே இல்லை. வாத்தும் நன்றாகத்தான் நடக்கிறது, நீந்தவும் செய்கிறது, சேதுராமனுக்கு இரண்டும் வராது என்பது அவன் கட்சி.

ரோஷம் வந்தவள் அவன் அக்கா ருக்மணி. அவனைவிட ஆறு வயது மூத்தவள், அவனோடேயே இருப்பவள், வாய் திறந்தால் பண்டார் ஹிலிர் வரை கேட்கும். நாடு விடுதலை ஆவதற்குள் தம்பிக்குக் கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். வெள்ளைக்காரன் போய்விட்டால் கிளப் இருக்குமா, கிளப் போனால் தம்பிக்கு எவன் பெண் கொடுப்பான்? அவள் பயத்தில் நியாயம் இருந்தது. துரைமார்கள் அப்போதே பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

உஜோங் பாசிரில் ராஜரத்தினம் என்று ஒருவர். ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் வேலை முடிந்தாலும் அந்த மிடுக்கு முடியவில்லை. மனிதனைக் காலணியிலிருந்து அளக்கத் தொடங்கி மணிக்கட்டில் முடிப்பார், முகத்துக்கு நேரம் இருந்தால் பார்ப்பார். அவர் மகள் கமலவேணிக்கு இருபத்தாறு வயது, வீட்டிலேயே தையல். பெண் பார்க்கப் போன அன்று ராஜரத்தினம் பொன்னுதுரையின் கையைப் பார்த்துவிட்டு ருக்மணியிடம், "மாப்பிள்ளை கையில அன்னம் மார்க் போல?" என்றார்.

"பின்னே?" என்றாள் ருக்மணி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பொன்னுதுரை வாயைத் திறப்பதற்குள் காப்பித் தட்டோடு கமலவேணி வந்துவிட்டாள். அவன் தம்ளரை எடுக்கக் கை நீட்டினான். அவள் கண் அவன் மணிக்கட்டில் ஒரு கணம் நின்றது. பிறகு உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவளை அவ்வளவு பிடித்துப்போயிற்று. ராஜரத்தினம் அதற்குள் அடுக்களை வாசலில் தொங்கிய பூவேலைத் திரைச்சீலையைக் காட்டி, "இது லண்டன் சாமான். எங்க தோட்டத்துத் துரைசானி ஊருக்குப் போறப்ப நினைவா குடுத்துட்டுப் போனாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னுதுரை குதித்தான். "அக்கா, அது வாத்து! ஏன் அன்னம்னு சொன்ன?"

"வாயை மூடுடா. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? எனக்கு இன்னும் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது பாக்கி இருக்கு. தாலி ஏறட்டும், அப்புறம் அன்னமோ வாத்தோ, முட்டை போட்டா சரி."

"அவர் கேட்டா நான் உண்மையைத்தான் சொல்வேன்."

"சொல்லு. சொல்லிட்டு அந்த வாத்தையே கட்டிக்க. கமலவேணியை வேற எவனாவது கட்டிக்குவான்."

கமலவேணியின் அந்தச் சிரிப்பு அவன் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டு படுத்தான்.

ராஜரத்தினம் சம்மதம் சொல்லி அனுப்பினார். கூடவே, "எங்க பக்கத்துல ஒருத்தர் வந்து தெருவில நாலு பேரை விசாரிப்பார், தப்பா நினைக்கக் கூடாது" என்றும் சொல்லி அனுப்பினார். இதில் தப்பு என்ன? பெண் கொடுக்கிறவன் விசாரிப்பதும், மாப்பிள்ளையின் தெரு ஒரே வாயாகப் புகழ்வதும் நம் ஆட்களின் வழக்கம்தான். ருக்மணி தெருவைக் கூட்டிப் பாடம் நடத்தினாள். குடிக்க மாட்டான், சூதாட மாட்டான், கையில் இருப்பது அன்னம் மார்க். எதிர்வீட்டுச் சந்திரமதி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்துபோன செட்டிச் சமூகத்துக்காரி, அவர்கள் வீட்டில் மலாய்தான். அவளுக்கு மட்டும் "அங்சா" என்ற மலாய்ச் சொல்லை, அன்னத்துக்கு அதுதான் பெயர் என்று, தனியாக உருப்போட வைத்தாள். ஒரு வருஷமாக வாத்து, வாத்து என்று கேலி பண்ணிய தெரு, ஒரே நாளில் அன்னத்துக்கு மாறியது.

புதன்கிழமை ஒரு மனிதர் சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சட்டை, செருப்பு, வெளியூர் முகம். நேரே பாய் கடைக்குப் போய், "பொன்னுதுரைன்னு ஒருத்தர் கிளப்பில வேலை பாக்கிறாரே, அவர் கையில என்ன வாட்ச் கட்டியிருக்கார்?" என்று கேட்டார்.

பாடத்தில் இருந்த கேள்வியே வந்துவிட்டது! பாய்க்குப் பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த சந்தோஷம். "அன்னம் மார்க்! ஒரிஜினல்!" என்றார்.

"உங்க கடையில வாங்கினதா?"

"அட, அவ்வளவு பெரிய சாமான் என் கடையில ஏது? பெரிய இடத்துல பழகுற பிள்ளை, அங்கேருந்து வந்திருக்கும்."

அடுத்து ருக்மணி. வந்தவருக்கு வடையும் காப்பியும் கொடுத்துவிட்டு, "ஹட்சன் துரையே தன் கையிலேருந்து கழட்டின வாட்சுங்க அது!" என்று அளந்தாள். எப்போது என்று கேட்டார். "போன மாசம்" என்றாள், வாயில் வந்ததை. சந்திரமதி கேட்காமலே வாசலில் நின்று, "அங்சா! அங்சா!" என்று கத்தினாள். சேதுராமன் தன் பங்குக்கு, "அது ஒண்ணுதான்னு நினைச்சீங்களா? பெட்டிக்குள்ள இன்னும் ரெண்டு வச்சிருக்கான்" என்று முடித்து வைத்தார். வந்தவர் எல்லாவற்றையும் சிறு நோட்டில் எழுதிக்கொண்டு, ஏப்பம் விட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் பொன்னுதுரை வந்ததும் ருக்மணி வெற்றிச் செய்தி சொன்னாள். அவன் கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ஒரு வருஷத்தில் ஒருநாள்கூட நிற்காமல் ஓடியதற்கு இதுதான் மரியாதையா? தெருவில் ஒரு ஆள்கூட அதன் பெயரைச் சொல்லவில்லை. அவனும்தான் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

ஆடி பிறக்க மூன்று நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை, உஜோங் பாசிரில் தட்டு மாற்ற நாள் குறித்தார்கள். அதை விட்டால் ஆவணிதான். காலை பதினொன்றரைக்குள் தட்டு மாற வேண்டும். ருக்மணி, பாய், சேதுராமன், சந்திரமதி என்று தெருவே பழத்தட்டு தூக்கிக்கொண்டு போயிற்று. எல்லோரும் உட்கார்ந்த நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. அதே வெள்ளைச் சட்டைக்காரர்.

"வாங்க வாங்க!" என்று ருக்மணி எழுந்தாள், பெண் வீட்டு ஆள் என்று. "வாங்க, உட்காருங்க" என்றார் ராஜரத்தினம், மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று. அவர் ஆள் சளிக்காய்ச்சலில் படுத்து, காஜா பெராங் பக்கமே போகவில்லை என்பது அவருக்குத் தெரியும், நம்மவர்களுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் போட்டி போட்டு உபசரித்ததில் அந்த மனிதர் முன்னால் இரண்டு கிண்ணம் பாயசம் வந்தது. அவரும் மனிதர்தானே, இரண்டையும் குடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு பொன்னுதுரையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு சொன்னார்:

"தம்பி, என் பேரு நடராஜன். போலீசு. ஹட்சன் துரையோட அன்னம் மார்க் வாட்ச் போன மாசம் காணாமப் போச்சு. அது உங்க கையில இருக்குன்னு உங்க தெருவில நாலு பேரு சொல்லியிருக்காங்க. உங்க அக்காவும் ஒருத்தி. நல்ல காரியம் நடக்கிற இடம், சபையில வேணாம். கொல்லைப் பக்கம் வாங்க, வாட்சைக் காட்டுங்க."

பொன்னுதுரைக்கு ஜெயில் கண்ணில் தெரிந்தது. அதற்கு அடுத்த நொடியே வழியும் தெரிந்தது. கொல்லைக்குப் போய் வாத்தைக் காட்டினால் போதும். போலீஸ்காரர் கழுத்தைப் பார்ப்பார், பெயரைப் படிப்பார், போய்விடுவார். சபைக்கு ஒன்றும் தெரியாது. அன்னம் மார்க் மாப்பிள்ளையாகத் திரும்பி வந்து உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொள்ளலாம், கமலவேணியும் கிடைப்பாள். எழுந்தும் விட்டான்.

அந்த நேரம் பார்த்து ராஜரத்தினம் தன் சொந்தக்காரர்களிடம் பெருமையாக, "மாப்பிள்ளை, அந்த அன்னம் மார்க்கை இவங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார்.

பொன்னுதுரை நின்றான். கொல்லையில் வாத்து, கூடத்தில் அன்னம். இப்படியே ஆயுசு பூராவும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருப்பதா? தெங்கேராக் கப்பல்காரனுக்கும் தனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? அவனுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"இது அன்னம் இல்லீங்க" என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "வாத்து. பாய் கடையில நாப்பத்திரண்டு வெள்ளிக்கு வாங்கினேன்."

ருக்மணி தலையில் அடித்துக்கொண்டாள். சந்திரமதி பழக்க தோஷத்தில், "அங்சா" என்றாள். நடராஜன் அவன் கையைப் பிடித்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு பாய் பக்கம் திரும்பினார்.

"யோவ், ஒரிஜினல்னு சொன்னது நீர்தானே?"

"கல்யாண விஷயம் பாருங்க சார், ஆயிரம் பொய் சொல்லி..."

"அந்த ஆயிரத்துல பாதி என் நோட்டுல இருக்கு! இந்த ஆளை உள்ள தள்ளியிருப்பேன், தெரியுமா?"

தான் போலீஸ் என்பதையும் ஹட்சன் துரையின் வாட்ச் காணாமல் போனதையும் அப்போதுதான் சபைக்குச் சொன்னார். கதை முழுவதும் ராஜரத்தினத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்து, வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வாத்தை அன்னம்னு சொன்னவங்க நாளைக்கு வேற எதையெல்லாம் மாத்திச் சொல்வீங்களோ! என் பொண்ணை நான் இப்படிப்பட்ட இடத்துல குடுக்க முடியாது."

"நான் அன்னம்னு சொல்லலீங்க" என்றான் பொன்னுதுரை. "ஆனா சும்மா இருந்தேன். அதுவும் பொய்தான், ஒத்துக்கிறேன். பொண்ணைப் பிடிச்சுப்போச்சு, பயந்துட்டேன். அன்னம் மார்க் அழகு, அது எனக்கு இந்த ஜென்மத்துல எட்டாது. இந்த வாத்துக்காரன் அந்த அழகைப் பாத்து ஆசைப்பட்டு, என்னை மாதிரி ஆளுக்கும் கிடைக்கட்டும்னு செஞ்சிருக்கான். செஞ்சவன் அன்னம்னு எழுதலீங்க. தன் பேரைத்தான் எழுதியிருக்கான். அவன் யோக்கியன். நாங்கதான் அவன் பேரை அழிச்சுட்டோம்."

ருக்மணி பழத்தட்டுகளை எடுக்கக் குனிந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வாயில் சத்தமில்லை. பொன்னுதுரை அடுக்களை வாசலைப் பார்க்கக்கூடத் துணியாமல் செருப்பைத் தேடினான்.

"அப்பா."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இந்தத் திரையை யாரு தைச்சதுன்னு சொல்லுங்க."

ராஜரத்தினம் சட்டென்று திரும்பினார். "உள்ள போ கமலம்."

கமலவேணி உள்ளே போகவில்லை, வெளியே வந்தாள். "பண்டார் ஹிலிர் கடைக் கண்ணாடிக்குள்ள லண்டன் திரை ஒண்ணு தொங்குச்சு. அறுபது வெள்ளி. நாலு நாளு போயி நின்னு பாத்து, மாதிரி வரைஞ்சுக்கிட்டு வந்து, மல்லுத் துணியில நான் தைச்சேன். வீட்டுக்கு வர்றவங்க கிட்டல்லாம் துரைசானி குடுத்ததுன்னு அப்பா சொல்லிட்டு இருக்காங்க. மூணு மாசம் கண்ணு வலிக்கத் தைச்சது நானு." திரையின் பக்கம் விரலை நீட்டினாள். "கீழ் ஓரத்துல என் பேரெழுத்து போட்டிருக்கேன். யாராச்சும் பாத்தீங்களா?"

ஒருவரும் பார்த்ததில்லை. நடராஜன்தான் எழுந்து போய், தொழில் பழக்கத்தில், திரையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். 'க' என்று சிவப்பு நூலில் இருந்தது. "இருக்குங்க" என்று சபைக்குச் சாட்சி சொன்னார். சேதுராமன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார்.

ராஜரத்தினம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முப்பது வருஷக் கிராணி மிடுக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை. வெறும் ஒரு அப்பன்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். "நீ தைச்சதுன்னு சொன்னா மதிப்பு இருக்காதுன்னு நினைச்சேம்மா" என்றார் மெதுவாக.

அவள் பொன்னுதுரையைப் பார்த்தாள். "அன்னைக்குக் காப்பி குடுக்கிறப்பவே எனக்குத் தெரியும்" என்றாள். "கழுத்து குட்டை."

பொன்னுதுரை ஒரு கையில் செருப்போடு அசையாமல் நின்றான்.

ஹட்சன் துரையின் கடிகாரம் ஒரு வாரம் கழித்து, துரையே மூட்டை கட்டி வைத்திருந்த கோல்ஃப் காலுறைக்குள் அகப்பட்டது. ஊருக்கெல்லாம் நியாயம் சொன்ன கூட்டத்துக்கு, தன் காலுறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை! அது கிடக்கட்டும். அன்று அந்தக் கூடத்தில் அன்னத்தைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. நடராஜன் கிளம்பும்போது பாயைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு வாத்து கைவசம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார்.

ராஜரத்தினம் வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரம் என்றைக்கோ நின்று போனது. அதுவும் லண்டன் சாமான் என்றுதான் சொல்லி வைத்திருந்தார். கமலவேணி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நல்ல நேரம் முடியப்போகுது. அந்த வாத்து என்ன மணி காட்டுது?"

பொன்னுதுரை செருப்பைக் கீழே போட்டான். வாத்தைப் பார்க்கக் கை தூக்கினான், கண்ணில் நீர் நிறைந்து முள் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"பதினொண்ணு இருபத்தி மூணு."

ராஜரத்தினம் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து, ருக்மணியின் எதிரே வந்து நின்றார்.